பன்னிரண்டாவது வயர்

“சத்தம் தொலைஞ்சு போச்சுங்க டீச்சர்” என்றார் எத்திராஜுலு.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. கோவை கணபதியில், மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் டீச்சர் விதவிதமாகச் சத்தம் எழுப்பும் ஒலிப்பெட்டிகள் செய்தார். சனிக்கிழமைகளில் எத்திராஜுலு போன்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

“எந்தச் சத்தம் சார்?”

எத்திராஜுலு தோள்பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஷூ டப்பா அளவுள்ள மரச்சட்டம். அதில் வரிசையாக ஆறு அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் சில குமிழ்கள், சில துளைகள். ஒரு தகடு ஒலியைப் பிறப்பிக்கும். ஃபில்டர் என்ற தகடு அதை வடிகட்டும். இன்னொன்று ஒலிக்குக் கதவுபோல் திறந்து மூடும். எதற்கு அடுத்து எது என்பதை வயர்தான் சொல்ல வேண்டும். வயரைப் பிடுங்கிவிட்டால் பெட்டிக்கு எதுவும் நினைவிருக்காது.

“புதன்கிழமை காலையில, சுலோ திரும்பினா டீச்சர்.”

டீச்சர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

சுலோச்சனா, எத்திராஜுலுவின் மனைவி. ஐந்து மாதம் முன்பு வாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காது கேட்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் மகள் கூப்பிட்டாலும் சரி, குக்கர் விசிலடித்தாலும் சரி, சுவரைப் பார்த்த முகம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“கட்டில் ஓரமா உட்கார்ந்து இதைச் சும்மா நோண்டிட்டு இருந்தேன். திடீர்னு ஒரு சத்தம். எப்படிச் சொல்றது? யானை தூங்கறப்போ மூச்சு விடுமே, அந்த மாதிரி. கட்டிலே அதிருது. நிமிர்ந்து பார்க்கறேன். சுலோ என்னைப் பார்த்துட்டு இருக்கா.”

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு மாசம் கழிச்சு, டீச்சர். என்னை.”

கீழே ஒரு மோட்டார் ஓடி நின்றது.

“அப்புறம்?”

“கைல இருந்ததைப் போட்டுட்டு எழுந்து ஸ்பீக்கரை அணைச்சேன். பொண்ணுக்கு போன் போட்டேன். பேசிட்டு வந்து பார்த்தா மறுபடி சுவரு. சரி, சத்தத்தையாவது பத்திரப்படுத்துவோம்னு படம் எடுத்தேன். எல்லாத்தையும் எழுதினேன். வயரையெல்லாம் பிடுங்கிட்டு, எழுதினதைப் பார்த்து மறுபடி சொருகினேன். சரியா எழுதியிருக்கேனான்னு பார்க்கணுமில்ல?”

“வந்துச்சா?”

“கொசு வந்துச்சு.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

எத்திராஜுலு முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எழுதி வைக்காமல் ஒரு வயரைக்கூட அசைத்ததில்லை. நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு குமிழும் எத்தனை பாகை திரும்பியிருந்தது என்று, பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியால் அளந்து எழுதியிருந்தார். ஒன்று நூற்று முப்பத்தேழு. இன்னொன்று இருபத்திரண்டரை.

“அரைப் பாகை வேறயா?” என்றார் டீச்சர். “சரி, சொருகுங்க.”

எத்திராஜுலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், சொருகினார். பதினோரு வயர்கள். ஒவ்வொரு குமிழுக்கும் பாகைமானி. கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்பீக்கரைப் போட்டார்.

ங்ஙீ என்றது.

“டீச்சரம்மா!” என்று கீழ்க்கடையிலிருந்து ஒரு குரல். “கொசுவத்தி கொண்டாரட்டுங்களா?”

எத்திராஜுலுவின் முகம் சுண்டிப்போனது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“நான் உங்களுக்கு எத்தனை வயர் குடுத்தேன் சார்?”

“பன்னிரண்டு.”

“இதுல?”

“பதினொண்ணு.”

“இன்னொண்ணு?”

“அது சேர்த்தி இல்லீங்க. ஒரு முனையை ஃபில்டர்ல சொருகியிருந்தேன். மறுமுனையை எங்க போடறதுன்னு தெரியாம கையிலயே வச்சிருந்தேன். படம் எடுக்கறதுக்கு முன்னாடி உருவிட்டேன்.”

“ஏன்?”

“ஒரு முனை தொங்கினா அது கனெக்‌ஷனே இல்லீங்களே. எக்ஸ்சேஞ்சுல முதல் நாளே சொல்லிக் குடுக்கறது.”

டீச்சர் அவருடைய தோள்பையில் கைவிட்டுப் பன்னிரண்டாவது வயரைத் தேடி எடுத்தார். ஒரு முனையை ஃபில்டரில் சொருகினார். உலோகம் பளபளத்த மறுமுனையை நீட்டினார்.

“பிடிங்க.”

எத்திராஜுலு இரண்டு விரலால் பிடித்தார்.

தரை பேசியது.

மேஜைமேல் இருந்த திருகாணிகள் நடுங்கி நகர்ந்தன. டம்ளர் தண்ணீரில் வட்டங்கள் எழுந்தன. ஏதோ ஒன்று, மிகப் பெரியது, அந்தச் சின்ன அறைக்குள் படுத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தது, வெளியே விட்டது.

கீழ்க்கடையில் சுத்தியல் நின்றது. யாரும் கேலி பேசவில்லை.

“இது... என்னங்க டீச்சர்?”

“நீங்கதான்.”

சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் அதிர்வு, பக்கத்தில் இருக்கும் உடம்பிலும் துளி தங்கும். அந்தத் துளிதான் விரல் வழியாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. எத்திராஜுலுவுக்கு இது தெரியாததல்ல. படித்திருக்கிறார். பரீட்சையில் எழுதியும் இருக்கிறார். காதால் கேட்டதில்லை.

விரலை எடுத்தார். கொசு. வைத்தார். யானை.

எடுத்தார், வைத்தார். ஏழெட்டு முறை.

“தேடின சத்தம் இதுதானா?” என்று டீச்சர் கேட்டார்.

எத்திராஜுலு கண்ணை மூடிக் கேட்டார். நேர்மையான மனிதர்.

“இதுதான். ஆனா பாதி. அன்னிக்கு இதைவிடக் கனமா இருந்துச்சு. இது ஒத்தையா இருக்கு.”

அவர் கை ஃபில்டர் குமிழை நோக்கிப் போனது. டீச்சர் குமிழ்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“இந்தக் கையில வயர் இருந்துச்சு. சரி. அந்தக் கையில?”

“அந்தக் கையில ஒண்ணும் இல்லீங்...”

பாதியில் நின்றார்.

தன் இடது கையைப் பார்த்தார். வெறுங்கைதான். ஆனால் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தன.

சுலோச்சனாவின் வலது கை கட்டிலிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார். ஐந்து மாதமாக அப்படித்தான். கஞ்சி ஊட்டும்போதும் பிடித்திருப்பார், பேப்பர் படிக்கும்போதும் பிடித்திருப்பார். அதை யார் நோட்டில் எழுதுவார்கள்?

எத்திராஜுலு வயர்களை அள்ளிப் பையில் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டினாரோ இல்லையோ, படியில் இறங்கிவிட்டார்.

நோட்டு மேஜைமேலேயே கிடந்தது. டீச்சர் அவரைக் கூப்பிடவில்லை.

வீட்டில், சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சுலோச்சனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

எத்திராஜுலு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினோரு வயர்களை மனதிலிருந்தே சொருகினார். ஒரு குமிழ் ஐந்து பாகை தள்ளியிருக்கலாம், பத்தும் தள்ளியிருக்கலாம். அளக்கவில்லை. பன்னிரண்டாவதை ஃபில்டரில் சொருகி, மறுமுனையை வலது கையில் பிடித்தார்.

இடது கையால் அவள் கையை எடுத்துக்கொண்டார்.

வந்தது.

ஒற்றையாக அல்ல. கனமாக, இரண்டு மடங்காக, கட்டில் சட்டமும் ஜன்னல் கம்பியும் அதிர வந்தது.

சுவரைப் பார்த்திருந்த முகம் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது.

அவர் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

சுலோச்சனாவின் நல்ல கை, இடது கை, போர்வைக்கு வெளியே வந்தது. நிறைகுடத்தைத் தூக்குவதுபோல் சிரமப்பட்டு, தன் மார்பைத் தாண்டி அவர் பக்கம் வந்தது. அவர் விரல்களிலிருந்து வயர் முனையை இழுத்தது.

அவர் விட்டுக்கொடுத்தார். அவள் வலது கையையும் மெதுவாக மெத்தைமேல் வைத்தார்.

சுலோச்சனா உலோக முனையைப் பெருவிரலால் அழுத்தினாள். ஒலி எழுந்தது. யானை அல்ல. இன்னும் மெல்லியது, கொஞ்சம் நடுங்கியது. அவர் இதுவரை கேட்டிராதது.

விரலைத் தளர்த்தினாள். அடங்கியது.

நீளமாக ஒரு முறை அழுத்தினாள். பிறகு சின்னதாக இரண்டு. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

ஹாலில் போன் அடித்தது. மகளாக இருக்கும்.

எத்திராஜுலு எழுந்திருக்கவில்லை. எந்தக் குமிழையும் தொடவும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லு சுலோ” என்றார்.