காத்தாயி ஆற வைத்த பனி

அந்தக் காலத்தில் மார்கழிப் பனி, கோடை வந்ததும் மலைக்குகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மிருகங்களும் பறவைகளும் பேசித் திரிந்த காலம் அது. பேச்சு இருந்த இடத்தில் புறணியும் இருந்தது.

மலையடிவாரத்து வேப்பமரக் கிளையில் காத்தாயி என்ற காகம் கூடு கட்டியிருந்தாள். கீழே பொந்தில் மருதாயி என்ற அணில். காத்தாயிக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. காற்று வீசினால்கூட, எதற்காக வீசுகிறது என்று யோசிப்பாள். மருதாயி அசந்த நேரம் பார்த்துப் பொந்திலிருந்த பழங்களைத் தூக்கியவள் அவள்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அந்த வருடக் கத்திரி வெயிலில் குளம் வற்றிவிட்டது. ஒரு பாறைக்குழியில் மட்டும் கையளவு தண்ணீர் கிடந்தது. அதுவும் வெந்நீர். காத்தாயியின் குஞ்சு அதை வாயில் விட்டதும் துப்பியது. மூன்று நாளாக இரையும் எடுக்கவில்லை, பிளந்த அலகை மூடவுமில்லை. இன்று தாங்குவானா என்று காத்தாயி நடுங்கினாள்.

மருதாயி தன் பிள்ளைகளுக்கு மாம்பழத்தைப் பிசைந்து, இளநீர் விட்டு, எலுமிச்சை மூடிகளில் ஊற்றி, பிடித்துத் தின்னக் குச்சி செருகிப் பனிக்குகையில் வைப்பாள். இனிப்புக்குப் பழமே போதும் என்பது அவள் கட்சி. அன்று உறைந்ததில் ஒன்றை இலையில் சுற்றிக் காத்தாயியிடம் கொண்டுவந்தாள்.

"இந்தா, பிள்ளைக்குக் குடு."

"எதுக்கு?"

"வெயிலுக்குத்தான்."

"ஒம் பழத்தத் தூக்குனவ நான். எனக்கு எதுக்குக் குடுக்கிறே?"

"ஒனக்கு யாருடி குடுத்தா? பிள்ளைக்குத்தான்."

காத்தாயி இலையை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வெள்ளையாக ஆவி எழும்பியது. அலகால் தொட்டாள். சுரீர் என்றது.

"அடிப்பாவி! கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து எம்புள்ள வாயப் பொசுக்கப் பாக்குறியா?"

"அது சூடு இல்லடி, பனி!"

"நெருப்பில்லாம புகையுமா? யாருகிட்ட கதை விடுறே?"

ஆனால் மாம்பழ வாசனைக்குக் குஞ்சு தலையைத் தூக்கிவிட்டது. மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. வீசி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. ஆற வைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, கவ்விக்கொண்டு போய்ப் பாறைக்குழித் தண்ணீரில் போட்டாள்.

"போச்சு! போச்சு!" என்று மருதாயி கிளையில் குதித்தாள். சற்று நேரத்தில் எலுமிச்சை மூடியும் குச்சியும்தான் மிதந்தன.

"எங்கேடி போச்சு? இதுல ஏதோ சூது இருக்கு," என்றாள் காத்தாயி. தானே ஒரு வாய் குடித்து, சாகிறோமா என்று காத்திருந்தாள். சாகவில்லை. தண்ணீர் சில்லென்று தித்தித்தது. அலகில் அள்ளிக் குஞ்சுக்கு ஊட்டினாள். அது விழுங்கியது. இன்னும் கேட்டது. பொழுது சாய்வதற்குள் 'கா' என்று கத்தியும்விட்டது. காத்தாயி அழுதேவிட்டாள்.

"இப்பவாவது நம்புறியா?" என்றாள் மருதாயி.

"நம்புறேன். தண்ணியில நனைச்சேன், எம்புள்ள பிழைச்சான். நனைக்காம இருந்தா ஒன் நெருப்பு அவனக் கொன்னிருக்கும்!"

அன்று முதல்தான் காகம் ரொட்டித் துண்டு கிடைத்தாலும் தண்ணீரில் போட்டெடுத்துத் தின்கிறது. காகத்தைக் கண்டால் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு, அந்த ஆத்திரம் இன்னும் தீராமல் கத்துகிறது.