நெடுஞ்செவியார் எடுத்த தொப்பி

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது பிள்ளைகளே, அந்த மலைக்கு இரண்டு குணம். அடிவாரத்தில் வெயில் அடித்தால் வள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே வெந்து, தோலை உரித்துத் தின்னத் தயாராக இருக்கும். உச்சியிலோ யாராவது கொட்டாவி விட்டால் வாய் அப்படியே உறைந்து, மறுநாள் காலையில்தான் மூடும். நம்பாதவர்கள் ஏறிப்போய் ஒரு கொட்டாவி விட்டுப் பார்க்கலாம்.

அடிவாரத்தில் நெடுஞ்செவியார் என்று ஒரு முயல் இருந்தார். காட்டிலேயே நீளமான காது அவருக்குத்தான். படுக்கும்போது ஒரு காதைக் கீழே விரித்து, மற்றதைப் போர்த்திக்கொள்வார். அந்தக் காதை விட நீளமாக அவரிடம் ஒரு பயமும் இருந்தது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயம்.

அவருடைய தங்கை மகள் குன்றிக்கு மலையுச்சியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். முயல்களின் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தாய்மாமன் உருமால் துணி கொண்டுவந்து, தன் கையாலேயே மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்ட வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வெறுந்தலையோடு பந்தலில் நிற்க வேண்டும். உச்சிப் பாறையின் நிழல் பந்தலுக்குப் பக்கத்துக் குளத்தைத் தொடுவதற்குள் தாய்மாமன் வராவிட்டால் கல்யாணம் நின்றுபோகும்.

பெண்வீட்டார் எல்லோரும் முந்தின நாளே ஏறிப் போய்விட்டார்கள். தாய்மாமன் மட்டும் கிளம்பவில்லை. தலையில் என்ன வைத்துக்கொண்டு போவது என்று அவருக்கு முடிவாகவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் அவர் மனைவி தும்பை உருமால் துணியை மூட்டையில் வைத்துக் கட்டினாள்.

"கிளம்புங்கள். வழியில் நரி தொப்பிக் கடை போட்டிருக்கிறது. அங்கே போய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நடக்கலாம்."

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஓர் ஆலமரம். அதன் நிழலில் நரி கடை விரித்திருந்தது. பக்கத்திலேயே தெளிந்த சுனை ஒன்று. நரி காரணமில்லாமல் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. வெயிலில் யாரும் தொப்பியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. சுனைத் தண்ணீரில் முகத்தைப் பார்த்து மயங்கி எடுக்க வேண்டும். அதுதான் அதன் வியாபாரம்.

தும்பை இரண்டே நிமிடத்தில் தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டாள். ஒன்று, அகல விளிம்பு வைத்த ஓலைத் தொப்பி. காது வெளியே வர இரண்டு ஓட்டை, தாடையில் கட்டிக்கொள்ள ஒரு நார்க் கயிறு. இன்னொன்று, காதை மூடுகிற கம்பளிக் குல்லா. குல்லாவை மடித்து மூட்டைக்குள் வைத்தாள்.

நெடுஞ்செவியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போகிறாயா, கிழங்கு தோண்டப் போகிறாயா?"

"கல்யாணத்துக்குப் போய்ச் சேரப் போகிறேன்."

"சேர்ந்தால் போதுமா? சம்பந்தி வீட்டுக்காரன் பார்ப்பானே."

நரிக்கு அது போதும். கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து, மூடியை மெல்லத் திறந்தது. உள்ளே நாவல்பழ நிறத்தில் ஒரு வெல்வெட் தொப்பி. கனமான தொப்பி. உச்சியில் நெட்டையாக ஒரு மயில்தோகை.

"ஐயா மாதிரி ஒருவர் வருவார் என்றுதான் இதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்" என்றது நரி.

"காதுக்கு ஓட்டை இல்லையே?" என்று கேட்டாள் தும்பை.

"காதை உள்ளே மடித்துவிட வேண்டும் அம்மா. பெரிய இடத்தில் காதை வெளியே விட்டுக்கொண்டு போனால், ஓடிப்போகத் தயாராக வந்திருக்கிறான் என்பார்கள்."

நெடுஞ்செவியார் பதறிப்போய்க் காதை மடித்தார். மடித்து மடித்து உள்ளே திணித்தார். சுனையில் குனிந்து பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு தும்பையைப் பார்த்து, "இப்போது சொல். எப்படி?" என்றார்.

"நிழலில் நன்றாகத்தான் இருக்கிறது. மலையில் நிழல் இல்லையே?"

"உனக்குப் பொறாமை."

ஒரு கட்டு அகத்திக்கீரையை நரியிடம் கொடுத்துவிட்டு இருவரும் ஏறத் தொடங்கினார்கள்.

பாதி மலை வரைக்கும் மொட்டைப் பாறை. புல்லுகூடக் கிடையாது. வெயில் ஏற ஏறப் பாறை தோசைக்கல்லாகிவிட்டது. தும்பையின் ஓலைத் தொப்பி முகத்துக்கு நிழல் போட்டது. வெளியே நின்ற காதுகளில் காற்றுப் பட்டது. அவள் பாட்டுக்கு நடந்தாள்.

நெடுஞ்செவியாருக்கு வெல்வெட்டுக்குள் காது இரண்டும் இட்லிப் பானையில் வைத்த மாதிரி வெந்தன. முதலில் வேர்வை கண்ணில் இறங்கியது. அப்புறம் பாதை இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் தும்பையும் இரண்டாகத் தெரிந்தாள்.

"தும்பை, உன் தங்கச்சி எப்போது வந்தாள்?" என்று கேட்டுவிட்டுப் பொத்தென்று விழுந்தார்.

தும்பை ஓடிவந்து தொப்பியைக் கழற்றப் போனாள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கழற்றாதே. கழற்றினால் காது கசங்கியிருக்கும். மறுபடி திணித்தால் தொப்பி கோணும். சம்பந்தி பார்ப்பான்."

"சம்பந்தி இன்னும் பாதி மலைக்கு மேலே இருக்கிறார். இங்கே உங்களைப் பார்க்கிறது அந்தப் பருந்து மட்டும்தான். அதுவும் தொப்பியைப் பார்க்கவில்லை."

நெடுஞ்செவியார் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே பருந்து ஒன்று நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி அவரே தொப்பியைக் கழற்றிவிட்டார். நசுங்கிய காது இரண்டும் ஆவி பறக்க வெளியே வந்தன. ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கி, தும்பை தன் ஓலைத் தொப்பியால் அந்தக் காதுகளுக்கு விசிறினாள்.

"முயலுக்குச் சூடு இறங்குகிறது காது வழியாகத்தான். அதைப் போய் மூடிவைத்தால்?" என்றாள்.

அவருக்குக் கண் தெளிவதற்குள் வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. பருந்தும் அலுத்துப்போய் வேறு மலைக்குப் போனது. பொழுது இல்லை. இருவரும் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள்.

பாறை முடிந்து புல்வெளி வந்தது. புல்வெளியோடு மேகமும் வந்தது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு குளிர்காற்று சில்லென்று முகத்தில் அறைந்தது. தும்பை ஓலைத் தொப்பியை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பளிக் குல்லாவை எடுத்து மாட்டினாள்.

"இப்போது போட்டுக்கொள்ளலாம் இல்லையா? குளிருக்கு வெல்வெட் நல்லதுதானே?" என்றார் நெடுஞ்செவியார். பாவம், ஆசை விடவில்லை.

போட்டுக்கொண்டார். அடுத்த காற்று மயில்தோகையைப் பிடித்தது. தோகை பாய்மரமாகிவிட்டது. தொப்பி மேலே கிளம்ப, தொப்பியோடு நெடுஞ்செவியாரும் கிளம்ப, தும்பை அவருடைய வாலைப் பிடித்துத் தொங்கினாள். முயல் வால் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பிடித்து ஓர் ஆளை இறக்கியது தும்பை ஒருத்திதான். தொப்பி நிற்கவில்லை. ஏழு மலை தாண்டிப் போய் ஒரு கரடியின் தலையில் உட்கார்ந்தது என்று கேள்வி. அந்தக் கரடி அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லையாம்.

இங்கே நெடுஞ்செவியாரின் காதுகள் குளிரில் முருங்கைக்காய் மாதிரி விறைத்துவிட்டன. காது விறைத்ததும் தலை வலித்தது. தலை வலித்ததும் கால் நின்றுவிட்டது.

"என்னால் முடியாது தும்பை. துணியை நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடு."

"நான் தாய்மாமனா?"

தும்பை தன் குல்லாவைக் கழற்றி அவருக்குப் போட்டுப் பார்த்தாள். அது அவர் காதில் கால்வாசிக்குக்கூட வரவில்லை. மேலே உச்சிப் பாறையின் நிழல் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்கவில்லை. மூட்டையைப் பிரித்து உருமால் துணியை எடுத்தாள்.

நெடுஞ்செவியார் அலறினார். "அது சீர்த்துணி. மாப்பிள்ளைக்குக் கட்டுவதற்கு முன்னால் என் தலையில் பட்டால் அபசகுனம். ஊர் என்ன சொல்லும்?"

"தாய்மாமன் வழியில் விறைத்துக் கிடந்தால் அது நல்ல சகுனமா? குன்றி பந்தலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தலையைக் காட்டுங்கள்."

குன்றியின் பெயரைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். தும்பை அந்த நீளத் துணியைக் காதோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். காற்று இழுத்துப் பார்த்தது, முடிச்சு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் காதில் சூடு ஏறியது. பிறகு காலும் நடந்தது.

அவர்கள் உச்சிக்குப் போனபோது நிழலுக்கும் குளத்துக்கும் ஒரு தாவல்தான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா பாறைமுத்து பந்தல் காலில் கையை வைத்துவிட்டார், பிரித்துவிடலாம் என்று. குன்றி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"மாமா வந்துவிட்டார்" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். சீர்த்துணி தாய்மாமனின் தலையில் இருந்தது.

பாறைமுத்து கேட்டார். "மாப்பிள்ளைக்குக் கொண்டுவந்ததை நீங்களே கட்டிக்கொண்டு வருகிறீர்களே, இது எந்த ஊர் வழக்கம் சம்பந்தி?"

நெடுஞ்செவியார் தும்பையைத் திரும்பிப் பார்த்தார். தும்பை முன்னால் வந்தாள்.

"அண்ணா, உங்கள் பிள்ளை காலையிலிருந்து வெறுந்தலையோடு இந்தக் குளிரில் நிற்கிறான். அவனுக்குச் சில்லிட்ட துணியையா கட்டச் சொல்கிறீர்கள்? மாமன் அதைத் தன் தலையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தொட்டுப் பாருங்கள்."

பாறைமுத்து தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.

மாப்பிள்ளைக்குப் பற்கள் கிட்டியிருந்தன. "அ... அப்பா, கையை எடுங்கள். மாமா, சீக்கிரம் கட்டுங்கள்" என்றான்.

நெடுஞ்செவியார் முடிச்சை அவிழ்த்து, மாப்பிள்ளையின் தலையில் சுற்றினார். கடைசிச் சுற்று முடிந்தது. நிழல் குளத்தைத் தொட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றான். குன்றி நிமிர்ந்து சிரித்தாள். பந்தலே பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

மறுபடி விறைக்கத் தொடங்கிய சம்பந்தியின் காதுகளைப் பார்த்த பாறைமுத்து, வீட்டுக்குள் போய் ஒரு பழைய கம்பளிக் குல்லாவைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கும். ஓர் ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை வேறு. நெடுஞ்செவியார் வாங்கிய கையோடு மாட்டிக்கொண்டார்.

பந்தியில் உட்கார்ந்ததும் தும்பையின் பக்கம் சாய்ந்து, "இதில் நான் எப்படி இருக்கிறேன்? யாராவது பார்க்கிறார்களா?" என்று கேட்டார்.

தும்பை சுற்றிலும் பார்த்தாள்.

"யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பாயசத்தைப் பார்க்கிறார்கள்" என்றாள்.

நீதி: தலையில் வைப்பதை, பார்ப்பவர் கண்ணுக்காக எடுக்காதே; போகிற வழியின் வெயிலையும் குளிரையும் காற்றையும் கேட்டு எடு.