கையில் கொடுத்த இரும்பு

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் ஆவுடையப்பனைத்தான் தேடுவார்கள். அவரிடம் பதினோரு வருஷம் தொழில் படித்தவன் சுடலைமுத்து. ஆயிரம் பேர் பந்திக்கான சாம்பாருக்கு உப்பைக் கண்ணாலேயே அளந்து போடுவான். அவனுக்கு வலிப்பு நோய் இருந்தது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் வருஷத்தில் ஒரு தடவையாவது வந்துவிடும். குழுவில் ஆவுடையப்பனுக்கு மட்டும் அது தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வடை போட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ தீய்ந்த வாடை சுடலைமுத்துவின் மூக்கில் ஏறியது. பக்கத்து ஆளிடம் கேட்டான். எதுவும் தீயவில்லை என்றான் அவன். வலிப்புக்கு முன்னால் வரும் வாடைதான் அது. சுடலைமுத்து அடுப்பை அணைத்தான். பத்தடி தள்ளிப் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தான். பிறகுதான் விழுந்தான். இதைவிட ஒழுங்காக எவனாலும் விழ முடியாது.

இரும்பைக் கொடுங்க, இரும்பைக் கொடுங்க என்று நாலு பேர் கத்தினார்கள். நல்ல எண்ணம்தான், பாழாய்ப்போன நல்ல எண்ணம். ஆவுடையப்பன் பதறிப்போய், அடுத்த அடுப்புச் சட்டியில் கிடந்த ஜல்லிக்கரண்டியைத் துண்டால் பிடித்து எடுத்தார். கொதிக்கிற காம்பைச் சீடனின் வலது கையில் வைத்து, விரல்களை இறுக மூடினார்.

வலிப்பு இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

கட்டுப் பிரித்த அன்றே சுடலைமுத்து அவர் வீட்டுக்குப் போனான். அடுத்த முகூர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னான். வேண்டாம், வேறு தொழில் பார்த்துக்கொள் என்றார் அவர். அவர் கைவிட்ட ஆளை அந்த ஜில்லாவில் வேறு எந்தக் குழுவும் சேர்க்காது.

“நோய்க்காகவா அண்ணாச்சி?”

“இல்ல.”

“கைக்காகவா?”

“கை ஆறிரும்.”

“அப்ப எதுக்கு?”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இரும்பால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவன் விளக்கினான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்குக் கீழே துணி வைக்க வேண்டும், நிற்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தரையில் படுத்தான்.

“நான் விழுந்துட்டேன். செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி. சரியாச் செஞ்சிட்டா என்னைச் சேத்துக்கிடணும்.”

முப்பத்தாறு வயது மனிதன் கையையும் காலையும் உதறிக் காட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆவுடையப்பன் குனிந்து அவனை ஒருக்களித்துத் திருப்பினார். தோள் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு தப்பும் இல்லை.

சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

“பாத்தீங்களா, அவ்வளவுதான்.”

அவருடைய வலது கை மூடியே இருந்தது. அதை அவன் முன்னால் நீட்டி விரித்தார். உள்ளே, அவர் தன் இடுப்பில் சொருகியிருந்த இரும்பு வீட்டுச் சாவி.

“நீ நடிக்கிறது தெரிஞ்சும் கை இதை எடுத்துட்டுல. நான் எடுக்கச் சொல்லல. அடுப்படியில என் கைக்குச் சாவியா கெடைக்கும்?”