ரோட்டுக்கு வந்த சோபா

புளியங்கூடல் விலக்கில் மணல் லாரிகள் ஓடாது, பறக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பார்கள். அங்கே தடுப்பு வாங்கி வைக்கச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனுக்கு அரசாங்க மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி அந்தப் பணத்தில் தன் அறைக்கு ஒரு சோபா வாங்கிப் போட்டார்.

அரசுப் பணத்தில் எதை வாங்கினாலும் திட்டத்தின் பெயரை அதில் எழுதிவிடுவது வழக்கம். பெயிண்டரும் பழக்க தோஷத்தில் சோபாவின் முதுகில் ‘சாலைப் பாதுகாப்பு மானியம்’ என்று கொட்டை எழுத்தில் தீட்டிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் அதன்மேல் ஒரு டர்க்கி டவலைப் போட்டு மறைத்தார்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. மானியச் செலவைப் பார்வையிட எஸ்.பி. அம்மா வருகிறாராம். கோதண்டபாணி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். ஊர்க்காவல் படையில் இருந்த செண்பகவடிவைக் கூப்பிட்டார்.

“மானியப் பணம் மத்தியானத்துக்குள்ள ரோட்டுல தெரியணும். என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. இல்லைன்னா நாளையிலருந்து நீ வரவேண்டாம்!”

சொல்லிவிட்டு, அம்மாவை வரவேற்க ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

எஸ்.பி.யும் அவரும் வந்து இறங்கியபோது விலக்கில் நடுரோட்டில் சோபா கிடந்தது; பக்கத்தில் வடிவு நின்றாள். டவலைக் காணோம். லாரிக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தபடி ஊர்ந்து போனார்கள். பிள்ளைகள் சாவகாசமாக ரோட்டைக் கடந்தார்கள்.

“என்னம்மா இது?” என்று வடிவிடம் கேட்டார் எஸ்.பி.

“மானியத்துல வாங்கினதும்மா. ரோட்டுல தெரியணும்னு ஐயா உத்தரவு.”

எஸ்.பி. எழுத்தைப் படித்தார். “நல்லாத்தானே வேலை செய்யுது! கோதண்டபாணி, உங்க கைக்காசுல தடுப்பு வர்ற வரைக்கும் இதுலயே உக்காந்து டிராபிக்கைப் பாருங்க.”

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. வடிவு அந்த டவலை மடித்துப் பவ்யமாக நீட்டினாள்.

“தலையில போட்டுக்கோங்க ஐயா.”