கண்ணுக்குத் தெரியாத வலி

வரி முடியும்போதெல்லாம் தட்டச்சு இயந்திரம் ‘டிங்’ என்று மணியடித்த காலம் அது. நூற்பாலை அலுவலகத் தட்டச்சர் செண்பகவடிவுக்கு மாதக்கணக்கில் மணிக்கட்டு வலி.

“எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்லை. வலியை என் கண்ணுக்குக் காட்டும்மா, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!” என்றார் மேலாளர் பூவலிங்கம்.

“நரம்பு நசுங்கியிருக்காம் சார். புது டாக்டர் கண்டுபிடிச்ச மாதிரியே காட்டுறேன். ரெண்டு புறங்கையையும் ஒட்டி, விரல்களைக் கீழே தொங்கவிடுங்க. நான் இந்தக் கடிதத்தை அடிச்சு முடிக்கிறவரை கையை எடுக்கக் கூடாது.”

“இதென்ன பெரிய வித்தை!” என்று அவர் கைகளை மடக்கினார்.

அவள் நோகும் கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மணி எப்போதோ ஒருமுறை ஒலித்தது.

“ஐயையோ, விரலெல்லாம் எறும்பு ஊருதே! மரத்துப்போச்சே!”

செண்பகவடிவு எட்டிப் பார்த்தாள். “கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே சார்!”

அலுவலகமே சிரித்தது. அவளுடைய சிகிச்சை விடுப்பு விண்ணப்பத்தில் மேலாளர் போட்ட கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தது. அவள் குணமாகித் திரும்பிய நாளில், மணி பழையபடி விடாமல் ஒலித்தது.