விரால் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன வலை

டங், டங், டங் என்று தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கிற சத்தம்தான் முதலில் வந்தது. அடித்தவனும் தெரியவில்லை, துண்டு தொங்குகிற புளியமரமும் தெரியவில்லை. செங்காட்டு அணைமேல் ஐப்பசி மூட்டம் அப்படிக் கவிந்து கிடந்தது. கவிழ்த்துப் போட்ட பரிசலின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்த சாலம்மாள் அது என்ன மணி என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேப்பம்பள்ளித் துறையில் மழை வந்தாலும் அந்தத் துண்டை அடிக்க மாட்டார்கள், மந்திரி வந்தாலும் அடிக்க மாட்டார்கள். வழக்கு வந்தால்தான் அடிப்பார்கள். இன்றைய வழக்கு அவள் புருசன் மாதையன் மேல்.

தார்க் குச்சியை டப்பாவிலேயே விட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடேறினாள்.

அணைக்குள் யாரும் வேலி போட முடியாது. ஆனால் மீன் தங்குகிற ஆழமான மடுவுகளில் எது எந்தக் குடும்பத்துக்கு என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மடுவில் இன்னொருவர் வலை கிடந்தால் அதைச் சுருட்டி எடைக் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். தை பிறந்தால்தான் இறக்குவார்கள். வெள்ளமோ வேறெதுவோ இழுத்துக்கொண்டு போனதென்றால் மட்டும் குற்றமில்லை. ஐப்பசியில் புதுவெள்ளத்தின் சிவப்புத் தண்ணி வரும்போதுதான் விராலும் கெளுத்தியும் கட்லாவும் கொழுத்துத் திரியும். தையில் கைக்கு வருகிற வலையை வைத்து அவரைக்கொடிக்குப் பந்தல் போடலாம். மாதையனுக்கு இருப்பதோ ஒரே ஒரு வலை. இன்று விடிகாலையில் அது கெம்பனுடைய மடுவில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது, நிறைய மீனோடு.

நடந்தது என்னவென்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் வலை விட இரண்டு பேரும் பரிசலில் போனார்கள். அவள் துடுப்புப் போட்டாள். அவன் வலையின் தலைக்கயிற்றை, தண்ணிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டை மரத்தில் கட்டினான். காலங்காலமாய் நிற்கிற மரமென்று நினைத்துத்தான் கட்டினான். அது வெள்ளத்தில் வேரோடு வந்த மரம். வேரில் மண் பிடித்திருந்தால் அப்படித்தான், நிமிர்ந்து நின்றபடியே மிதக்கும், பார்க்கிறவனுக்கு ஆணி அடித்தாற்போல் தோன்றும்.

"ஏனுங்க, அது ஆடுதுங்க" என்றாள் சாலம்மாள்.

"மரம் ஆடலை புள்ளே. உன் பரிசல்தான் ஆடுது" என்றான் மாதையன்.

விடிவதற்குள் மரம் தன் வழியே போயிற்று. கரை வளைகிற மடக்கைத் தாண்டி, கெம்பன் மடுவுக்குள் நுழைந்து, பாறையில் வலையை மாட்டிவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, மதகுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தடயம்கூட வைக்கவில்லை. இதை உள்ளபடி சொன்னால் வலை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் சொல்ல வேண்டியவன் மாதையன். அணைக்குள் முழுகிக் கிடக்கிற மரம் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன். மிதக்கிற மரத்தில் வலை கட்டினவன் என்று பேர் வாங்குவதைவிட, வலை விட்டத்தில் தொங்கட்டும், அதன் பக்கத்தில் தானும் தொங்கினால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கிற ரகம்.

கொட்டகையில் துறையே கூடியிருந்தது. வேலைவெட்டி உள்ளவர்கள்கூட வந்திருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் மீனவர் சங்கத் தலைவர் வையாபுரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கெம்பன், இளவயசு, மூக்குமேல் கோபம். நடுவில் மாதையன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். சாலம்மாள் தூணோரம் போய் நின்றாள். அவனைப் பார்த்து, உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். அவன் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டான்.

உன் வலை எப்படியப்பா அடுத்தவன் மடுவுக்குப் போச்சு என்று வையாபுரி கேட்டார்.

மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வலையை நான் என் மடுவில்தான் விட்டேன், அதை ஒரு விரால் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றான். சின்ன விரால் என்று நினைத்துவிட வேண்டாம். தலை ஒரு அண்டா அளவு இருக்கும். உடம்பை அவன் முழுசாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் தலை இந்த மடுவிலும் வால் அடுத்த ஊராட்சியிலும் இருந்தது.

எடை போடுகிற கிழவர், அப்படியானால் அது இரண்டு ஊரிலும் ஓட்டுப் போட்டிருக்குமே என்றார். மாதையன் அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தான். விவரம் தெரியாத ஆளிடம் கோபித்து என்ன பயன்.

விரால் பிடித்து இழுத்த இழுப்பில் பரிசல் சுற்ற ஆரம்பித்ததாம். பரிசல் சுற்றும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தப் பரிசல் சுற்றின சுற்றில் தண்ணி வட்டமாக விலகி, நாலு பக்கமும் சுவர் வைத்தாற்போல் நின்றுவிட்டது. நடுவில் கிணறு மாதிரி பள்ளம். எட்டிப் பார்த்தால் அடியில் முழுகிப்போன பழைய கோட்டையூர் அப்படியே இருக்கிறது. தெருவிளக்கு எரிகிறது. "நம்மூர்ல எரியாத விளக்கு" என்று ஓரக்கண்ணால் தலைவரைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டான். வையாபுரி இருமினார்.

ஊருக்குள் மீன்கள்தான் குடியிருக்கின்றன. ரேசன் கடை வாசலில் ஜிலேபி மீன் கூட்டம் முண்டியடிக்கிறது, எதற்கு நிற்கிறோம் என்று ஒன்றுக்கும் தெரியவில்லை, முன்னால் நாலு பேர் நிற்பதால் நிற்கின்றன. கெளுத்தி மீசையைத் தடவிக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று முன்னால் போய் நின்றுகொள்கிறது. ஆரல் மீன் எந்தப் பக்கத்துக்கும் பிடிபடாமல் இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் பேசித் திரிகிறது. சாவடியில் ஒரு கிழட்டுக் கட்லா உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறது.

"என்ன மனு?" என்று கெம்பன் கேட்டுவிட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வழக்குப் போட வந்தவன் கதை கேட்கலாமா.

"அணை கட்டினப்போ மாத்து நிலம் தர்றேன்னாங்களாம். இன்னும் வரலையாம். மனுசங்களுக்கே வரலையே, உனக்கு எங்க வரும்னேன். அதுக்கு அது, நாங்க தண்ணிக்குள்ள இருக்கறவங்க, எங்களுக்கு அவசரமில்லைன்னுச்சு."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. வயசான இரண்டு பேர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய நிலமும் அந்தத் தண்ணிக்கு அடியில்தான் இருந்தது. சாலம்மாளுக்குத் தெரியும், இந்த ஆள் பொய்யில் உப்பு மாதிரி கொஞ்சம் நிசத்தைப் போட்டுவிடுவான். அதனால்தான் இத்தனை வருசமாக விழுங்க முடிகிறது.

அதெல்லாம் இருக்கட்டும், என் மடுவுக்கு ஏன் வந்தது என்று கெம்பன் பிடித்த பிடியை விடவில்லை. புத்திசாலிப் பையன். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். இப்போதாவது, வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாதையன் குரலைத் தாழ்த்தினான். அந்த விராலுக்கு ஒரு மகள். பெண்ணைக் கொடுத்திருக்கிற இடம் கெம்பன் மடுவு. நல்ல இடம், பாறை வீடு, காத்தோட்டம். ஐப்பசி முகூர்த்தம் தப்பினால் கார்த்திகையில் நல்ல நாள் இல்லை, மார்கழியில் கல்யாணமே பண்ண முடியாது. எல்லாம் தயார், பந்தலுக்குத்தான் துணி இல்லை. அதற்குத்தான் வலையைக் கேட்டது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம், ஆனால் கேட்டது பெண்ணைப் பெற்ற தகப்பன். கலங்கின கண்ணோடு கேட்டது. தண்ணிக்குள் இருக்கிற கண் கலங்கினது எப்படித் தெரிந்தது என்று எடைக்காரர் கேட்டதற்கு, நீங்களும் மகளைக் கட்டிக் கொடுத்தவர்தானே என்று பதில் சொன்னான்.

ஆகவே வலை போனது திருட்டுக்கு அல்ல, கல்யாணத்துக்கு. வலையில் கிடந்த மீனெல்லாம் மாட்டினவையும் அல்ல, பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள். கெம்பன் வந்து பந்தலோடு வாரிக்கொண்டு வந்துவிட்டான். முகூர்த்த வீட்டில் செய்கிற காரியமா இது?

"என்னையும் பந்திக்குக் கூப்பிட்டாங்க" என்றான் மாதையன். "சரின்னு போய் எலைக்கு முன்னாடி உக்காந்தேன். அங்கே இல்லீங்க, எலை மேலேன்னாங்க. அப்பத்தான் திரும்பி வந்துட்டேன்."

கொட்டகை அதிர்ந்தது. தராசுத் தட்டுகூடக் குலுங்கிற்று. வையாபுரி மட்டும் சிரிப்பை மீசைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். கதை நன்றாயிருக்கிறது மாதையா, ஆனால் கதைக்கு வலை கொடுக்க வழக்கத்தில் இடமில்லை, உன் மடுவில்தான் விட்டாய் என்பதற்குச் சாட்சி வேணுமே என்றார். விட்டத்தில் கட்ட ஒருவன் வலையைத் தூக்கிவிட்டான். மாதையன் முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதும் அவன் வாய் திறந்து மரம் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டான்.

வையாபுரி தூண் பக்கம் திரும்பினார். "சாலம்மா, துடுப்புப் போட்டது நீதானே. நீ சொல்லு. விரால்தான் இழுத்துச்சா?"

இந்த ஆளின் பேரைக் காப்பாற்றினால் மூன்று மாசம் உலை வைக்க வழியில்லை. உலை வைக்க வழி பார்த்தால் இந்த ஆள் மூன்று மாசம் சோறு தின்ன மாட்டான். அந்த வகையில் இரண்டும் ஒரே செலவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம், நிசத்துக்கு என்று ஒரு மரியாதை இருக்கும், அது வந்து நின்றால் நாலு பேர் நாற்காலி போடுவார்கள் என்று நம்பி, உள்ளதைச் சொன்னாள்.

"விராலும் இல்லீங்க, கல்யாணமும் இல்லீங்க. எங்க மடுவுலதான் விட்டோம். இவரு மெதந்து வந்த மரத்துல வலையைக் கட்டிட்டாரு. மரம் போச்சு, வலையும் கூடவே போயிருச்சு."

மாதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டான்.

முதலில் எடைக்காரருக்குத்தான் தொண்டையில் ஏதோ புரையேறிற்று. பிறகு பின்வரிசையில் ஒருவன். பிறகு கெம்பன், வழக்குப் போட்ட கெம்பன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"அக்கா, உன் வீட்டுக்காரரைப் புளுகன்னு சொல்லு, நானே ஒத்துக்கறேன்" என்றான் மூச்சு வாங்கி. "மெதக்கற மரத்துல வலை கட்டற ஆளுன்னு சொல்றியே. அந்த மாதிரி ஆளு இந்த அணையில இன்னும் பொறக்கலைக்கா. இதுக்கு விராலே தேவலை."

நான் சொல்வது சத்தியம் என்றாள். சத்தியம் என்றதும் இன்னும் சிரித்தார்கள். அவன் இழுத்த புளுகுக்கு இவள் முடிச்சுப் போட்டாள், புருசனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று யாரோ மெச்சினார்கள். கண்ணில் தண்ணி வரச் சிரித்தவனிடம் வழக்கு எங்கே நிற்கும்? வலையை எங்கே விட்டோம் என்று இந்த அக்கா சொன்னதை மட்டும் நான் நம்புகிறேன், வலையைக் கொடுத்துத் தொலையுங்கள் என்றான் கெம்பன்.

வையாபுரி தீர்ப்புச் சொன்னார். விரால் இழுத்ததோ மரம் இழுத்ததோ, வலை தானாகப் போகவில்லை, ஏதோ இழுத்திருக்கிறது. இரண்டு புளுகில் சின்னதை எடுத்துக்கொள்வது சங்கத்துக்கு மரியாதை. ஆகையால் விரால் என்று வைத்துக்கொள்வோம். விரால்மேல் நடவடிக்கை எடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. மீன் கெம்பனுக்கு, வலை மாதையனுக்கு.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். மூட்டம் கலைந்து தண்ணி தெரிந்தது. மாதையன் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். அவனுக்கு அது பெரிய தூரம். கோபமாக இருக்கிறான் என்று சாலம்மாள் நினைத்தாள். அவன் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, பரிவோடு சொன்னான்.

"நல்லவேளை, நான் முன்னாடியே கதையைக் கட்டி வெச்சிருந்தேன், தப்பிச்சோம். இனிமே நாலு பேரு முன்னாடி சொல்றதா இருந்தா, நம்பற மாதிரி ஒண்ணைச் சொல்லு புள்ளே. மரமாம், மெதக்குதாம்."

சாலம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு துளி விளையாட்டு இல்லை. மரம் அவள் கட்டின கதை என்று மனுசன் அதற்குள் நம்பிவிட்டிருந்தான்.

பரிசல் பக்கத்தில் டப்பாவில் தார் இறுகிக் கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, கல்லடுப்பில் இரண்டு சுள்ளியைச் செருகி ஊதி, டப்பாவை மேலே வைத்தாள். தார் இளகியதும் குச்சியைத் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தாள்.