கண்டக்டருக்குத் தெரியுமா?

கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும் கதை இது. நானும் அப்படித்தான் துள்ளினேன். நீங்கள் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

மாதேசன் அரசுப் பேருந்தில் கண்டக்டர். தினமும் மலை ஏறி இறங்குகிற வண்டி. ஒருநாள் சடைச்சி என்ற மலைக்காரப் பெண், துணியால் போர்த்திய குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோன குழந்தை. பிணம் ஏற்றும் வண்டி மறுநாள்தான் மலைக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள். பேருந்தில் பிணம் ஏற்றக்கூடாது என்பது விதி. அதனால் அவள் அழவில்லை. பக்கத்தில் கேட்டவர்களிடம் தூங்குகிறான் என்றாள். பெற்றவளுக்கு அழக்கூட வழியில்லை, பாருங்கள்.

அவள் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே தொங்கிய பிஞ்சுக் காலை மாதேசன் துணிக்குள் எடுத்துவிட்டார். கால் சில்லென்று இருந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவருக்கு அது போதும். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். காசில் கவனமாக இருந்த சடைச்சி இதைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது குழந்தையின் தலை சரிந்தது. பார்த்த ஒருவர் புகார் கொடுத்தார். விசாரணையில் மாதேசன் வாயே திறக்கவில்லை. தெரியும் என்றால் வேலை போகும், தெரியாது என்றால் அந்தப் பெண் ஏமாற்றுக்காரி ஆவாள். பேசாமல் நின்றதற்கே வேலை போனது. நடந்ததை மனைவி காவேரியிடமும் அவர் சொல்லவில்லை. தன் புருஷன் ஏமாந்துபோனார் என்றே அவள் நம்பினாள்.

அதன்பிறகு அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமில்லை. மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்குப் போனாள். கடைசியில் கிராம உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வயது வரம்புப்படி மாதேசனுக்கு இனி வேறு வாய்ப்பு இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில், தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னப் பையன்களோடு வரிசையில் நின்று சைக்கிள் ஓட்டிக் காட்டினார். அந்த வேலைக்கு அதுவும் ஒரு தேர்வு. தேறிவிட்டார்.

நேர்காணலில் தாசில்தார் வசுமதி பழைய கதைக்கு வந்தார்.

"தெரியாம நடந்த தப்புன்னா, மேல எழுதி உங்களை எடுத்துக்கலாம். தெரிஞ்சே ஏத்தியிருந்தா என் கையில ஒண்ணும் இல்லைங்க."

காவேரி இதற்குத் தயாராக வந்திருந்தாள். மலைக்குப் போய், ஊர் ஊராக விசாரித்து, சடைச்சியைக் கையோடு கூட்டி வந்து, அனுமதி கேட்டு அறைக்குள் நிறுத்தியிருந்தாள்.

சடைச்சி கைகூப்பினாள். "இந்த அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கம்மா. செத்த புள்ளயத் தூங்குதுன்னு சொல்லி ஏமாத்துனவ நாந்தான். எம்புள்ள போனதோட, இவரு புள்ளைங்க சோத்துலயும் மண்ணப் போட்டுட்டேன். அன்னிக்கிருந்து எனக்குச் சோறு எறங்கலம்மா."

பொய்யில்லை, அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

தாசில்தார் மாதேசனைப் பார்த்தார். "அந்தம்மா சொல்றது சரிதானே?"

சரிங்க என்றால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். மாதேசன் சடைச்சியின் பக்கம் திரும்பினார்.

"நீ யாரையும் ஏமாத்தல தாயி. காலைத் தொட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன்."

சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, பேருந்தில் அழாத அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கணவனுக்காக மலையெல்லாம் அலைந்த காவேரி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட சடைச்சி, விதியை மீறாத வசுமதி, கைக்கு வந்த வேலையை விட்ட மாதேசன். இதில் யார் செய்தது சரி?

என் விடை: மாதேசன் செய்தது. வேலை வேண்டுமென்றால், ஏமாற்றிவிட்டோம் என்று உருகும் ஒருத்தியை அப்படியே உருகவிட வேண்டும். அது அவரால் முடியவில்லை. ஆனால் இந்த விடையைக் காவேரியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "அவளுக்குச் சொன்னீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"